சில்வர் பெயின்டுக்கு அடியில்

என் மகள் ஸ்டெல்லாவுக்கு, பெங்களூர் மர்பி டவுனில் ஒன்றரை அறைப் பேரரசின் அதிபதியும், நாற்பது ஃபோர்க்லிஃப்டுகளின் முன்னாள் ராஜவைத்தியனும், தெருப் பிள்ளைகளால் பீலா மாமா என்று பட்டம் சூட்டப்பட்டவனுமான உன் அப்பன் எழுதுவது. உன் அம்மா நலம். நான் நலமில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிவிட்டு வைத்ததிலிருந்து என் நெஞ்சு அடிக்கிற அடியில் கீழ்வீட்டுக்காரர் நேற்று மாடியேறி வந்து, "இன்னா சார், தண்ணி மோட்டார் ஆஃப் பண்ண மறந்துட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். சிரித்துக்கொள். நீ சிரிக்க வேண்டிய இடங்கள் முதல் இரண்டு பக்கத்தோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு எங்காவது உட்கார்ந்து படி.

போனில் நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. "டாடி, எட்டு மெஷினுக்கும் பெயின்ட் அடிச்சாச்சு. வெள்ளிக்கிழமை ஆயுத பூசைக்குச் சும்மா ஜொலிக்கும் பாரு. ஃபோர்க்குக்கு மட்டும் உன் ஸ்டைலு, சில்வர். பூசை முடிஞ்சதும் ஸ்டாஃபோட பசங்களைப் பேலட்ல உக்கார வெச்சு மேல தூக்கப் போறோம், நீ என்னைத் தூக்குனியே அந்த மாதிரி. நம்ம வீட்டு ஃபோட்டோவைத்தான் மேனேஜருக்குக் காட்டினேன். சூப்பர் ஐடியான்னு வாட்ஸ்அப் குரூப்புலயே போட்டுட்டாரு." நான் என்ன சொன்னேன்? "சபாஷ் என் சிங்கக்குட்டி, பட்டாபிஷேகத்தை நடத்து" என்றேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உன் அம்மா என்னைப் பார்த்து, "ஏங்க, மூஞ்சி ஏன் சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள். வாயால் உண்மையைச் சொல்ல எனக்கு வராது. வாயைத் திறந்தால் அது தானாக வேடிக்கை பக்கம் ஓடிவிடும். அதனால்தான் காகிதம். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பும்படி உன் அம்மா கையில் கொடுப்பேன். அவள் படிக்காமல் அனுப்பமாட்டாள். அவளுக்கும் இது புதிய செய்திதான்.

அந்த ஃபோட்டோவை உன் ஷெட்டில் உள்ளவர்கள் பார்த்திருக்கலாம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை நீ உங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்பது என் விருப்பம். ஐந்து வயதுப் பெண் குழந்தை, வெள்ளை ஃபிராக், கையில் சிவப்பு பலூன். சரக்கு அடுக்குகிற ஒரு மரப் பேலட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பேலட்டுக்குக் கீழே சில்வர் நிறத்தில் பளபளக்கும் இரண்டு ஃபோர்க்குகள், வண்டி சரக்கைத் தூக்குகிற இரும்புக் கைகள். அவற்றுக்குக் கீழே பத்தடி வெற்றிடம். அதன் கதையை நான் எத்தனை கிறிஸ்துமஸுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று உனக்கே தெரியும். வருடத்துக்கு இரண்டடி உயரம் ஏறும். நீ முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் நீ தென்னை மரத்தைத் தாண்டினாய். நீ டிப்ளமோ முடித்த அன்று, பக்கத்தில் போன விமானத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டாய். கதையில் கோமாளி வேடம் எப்போதும் உன் அம்மாவுக்கு. "இறக்குங்க, முதல்ல குழந்தையை இறக்குங்க, கீச்சுனு ஏதோ சத்தம் கேக்குது" என்று அவள் கத்தியதும், "அது துரை சிரிக்கிறாருடி" என்று நான் சொன்னதும், கம்பெனியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும். துரை என்பது அந்த மெஷினின் பெயர். எங்கள் கிடங்கிலேயே மூத்த டீசல் வண்டி, மூன்று டன், கன்டோன்மென்டில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஒரே துரை அதுதான் என்று நான்தான் பெயர் வைத்தேன். இருபது வருடமாக உன் அம்மாவின் பயத்தை நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

இனி நான் எப்படிப்பட்ட வைத்தியன் என்று சொல்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஒன்றும் பேய் பிசாசு இல்லை. காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பத்து நிமிடம் அதைச் சுற்றி வந்தால் போதும், தனக்கு எங்கே வலிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். டயரில் வெட்டு, தரையில் எண்ணெய்ச் சொட்டு, ஹைட்ராலிக் ஹோஸில் வீக்கம், தூக்குகிற செயினில் இறுகிப்போன கண்ணி, பிரேக், ஹார்ன், பின்னால் வரும்போது கத்துகிற அலாரம். பார்க்க வேண்டும், தொட வேண்டும், பிறகு அட்டையில் டிக் போட வேண்டும். நான் அந்த வரிசையைத் திருத்தி அமைத்தவன். ஒன்றாம் தேதி காலையில் டீ ஆறுவதற்குள் முப்பது நாளுக்கும் டிக் போட்டுவிடுவேன். இருபத்தேழாம் தேதி பிரேக் எப்படி இருக்கும் என்று ஒன்றாம் தேதியே அறிந்த தீர்க்கதரிசி வேறு எந்த மதத்திலும் இல்லை. ஒரு பிப்ரவரியில் முப்பதாம் தேதியும் எங்கள் வண்டிகளின் பிரேக் மிக நன்றாக இருந்தது. ஆடிட்டுக்கு வந்தவர் அதையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஃபோர்க்கின் விஷயம் வேறு. அது எல் எழுத்து மாதிரி மடங்குகிற இடத்தை நாங்கள் ஹீல் என்போம். தூக்குகிற எடை முழுவதும் கடைசியில் அந்த மடிப்பில்தான் வந்து உட்காரும். வருடத்துக்கு ஒரு முறையாவது ஃபோர்க்கைக் கழற்றி, ஹீலைக் கம்பி பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, அதன்மேல் வெள்ளை பவுடர் ஸ்பிரே செய்ய வேண்டும். விரிசல் இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்பு இழை எழுந்து வரும், கட்டுத் துணியில் ரத்தம் ஊறி வருகிற மாதிரி. உனக்கு இது பாடத்திலேயே தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்த தப்பு என்றால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

ஃபோட்டோ எடுத்த அந்த வருடம் துரையின் ஃபோர்க் சோதனை சரியாக ஆயுத பூசை வாரத்தில் வந்து விழுந்தது. பண்டிகை டெஸ்பாட்ச் என்று வண்டிக்கு ஓய்வே இல்லை. சூப்பர்வைசர் என்னிடம், "ஒரே ஒரு நாள் தர்றேன், அதுக்குள்ள உன் வேலையெல்லாம் முடிச்சுக்கோ" என்றார். ஒரு நாளில் ஒரு வேலைதான் நடக்கும். ஃபோர்க்கைச் சுரண்டிப் பார்த்தால் அது சொறி பிடித்த மாதிரி நிற்கும், பூசைக்கு முதலாளி குடும்பத்தோடு வருவார். அலங்காரம் என்றால் ஊரே வாயைப் பிளக்கும். நான் கத்தோலிக்கன்தான். ஆனால் பெங்களூரில் ஆயுத பூசைக்கு என்னை மாதிரி வண்டி ஜோடித்தவன் எவனும் கிடையாது. வாழைக்கன்று, சாமந்தி மாலை, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், குங்குமம் தடவிய பூசணிக்காய் எல்லாம் ஆனபிறகு, ஒரு பாட்டிலில் கொண்டுபோன எங்கள் மாதா கோயில் தீர்த்தத்தையும் யாருக்கும் தெரியாமல் தெளித்துவிட்டு வந்தவன். அன்று ஃபோர்க்குக்கு இரண்டு கோட் சில்வர் அடித்தேன். ஹீல் பக்கம் பிரஷ் போனபோது ஏதோ ஒரு கோடு மாதிரி தெரிந்தது. பழைய பெயின்ட் உரிந்தது என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொள்ள விரும்பினேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அதன்மேல் இன்னொரு முறை பிரஷ்ஷை இழுத்தேன், கோடு மறைந்தது. அட்டையில் ஃபோர்க் விரிசல் என்ற வரிக்கு நேரே டிக் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து பூசை. குடும்பங்கள் எல்லாம் வந்தன. நான்தான் உன்னைத் தூக்கிப் பேலட்டில் வைத்தேன். லிவரைப் பிடித்தவர் நாராயணப்பா, துரையின் ஆபரேட்டர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனேகல் பக்கத்துக்காரர். அவர் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். "மகு பேடா சார், சின்னக் குழந்தை" என்று கன்னடமும் தமிழுமாக மறுத்தார். "துரையை எனக்குத் தெரியாதா?" என்றேன். அவர் உன்னை அங்குலம் அங்குலமாக, முட்டை நிறைந்த கூடையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். நீ கையை ஆட்டினாய். உன் அம்மா கத்தினாள். நான் அந்த வசனத்தைச் சொன்னேன். படம் எடுத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு, துரை இரண்டாம் அடுக்குக்கு ஒரு டைல்ஸ் பேலட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. நான் அடுத்த வரிசையில் இருந்தேன். பெரிய சத்தம் எதுவும் முதலில் வரவில்லை. மண்டையோட்டுக்குள் ஒரு சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகுதான் உலகம் இடிந்தது. இடது பக்க ஃபோர்க் ஹீலோடு ஒடிந்து விழ, டைல்ஸ் பெட்டிகள் பத்தடி உயரத்திலிருந்து கொட்டின. தூசி அடங்க வெகுநேரம் ஆனது. தலைக்குமேல் இருந்த கம்பிக்கூரை வளைந்திருக்க, நாராயணப்பா அதற்குள் அப்படியே உட்கார்ந்திருந்தார், லிவரை விடாமல். கீழே யாரும் இல்லை. யாரும் இல்லாமல் போனதற்கு நான் எந்த வேலையும் செய்திருக்கவில்லை.

எல்லோரும் நாராயணப்பாவை இறக்க ஓடினார்கள். நான் ஒடிந்த துண்டிடம் போனேன். உடைந்த பரப்பில் பாதி புது இரும்பாகப் பளிச்சென்று இருந்தது. மீதிப் பாதி கறுத்துத் துருவேறியிருந்தது. அது அன்றைக்கு உடைந்ததில்லை, மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பிளந்துகொண்டே வந்தது. அந்தக் கறுப்பின் விளிம்பில், நகத்தின் அகலத்துக்கு, சில்வர் பெயின்ட் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. ஸ்டெல்லா, நான் பெயின்ட் அடித்த அன்றே அந்த விரிசல் வாய் திறந்துதான் இருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து அதன்மேல்தான் உன்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். உன் அம்மாவுக்குக் கேட்ட சத்தம் எதனுடையது என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது.

அடுத்து நான் செய்ததை எழுத இந்தப் பேனாவை மூன்று முறை கீழே வைத்துவிட்டேன். பெயின்டைக் கரைக்கிற தின்னர் டப்பா அங்கேதான் அலமாரியில் இருந்தது. துணியை நனைத்து, யாரும் வருவதற்குள், அந்தச் சில்வர் கோட்டைத் துடைத்துவிட்டேன்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. மேஜைமேல் என் டிக் அட்டை, துரைக்கு ஒரு குறையும் இல்லை என்று என் கையெழுத்தோடு. ஆக, குறை ஆபரேட்டருடையது என்று முடிவாயிற்று. ஓவர்லோட் என்றார்கள். நாராயணப்பா சொன்னது ஒன்றுதான்: "தினா எத்தோதே சார், அதே லோடு." தினமும் தூக்குகிற அதே எடை. சொல்லிவிட்டு, சாட்சிக்கு என்பதுபோல என்னைப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற தூணிடம்கூட அரைமணி நேரம் பேசக்கூடிய நான், அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மாதத்தோடு அவருக்கு வேலை போயிற்று. இரண்டு வருடம் கழித்து அல்சூர் மார்க்கெட்டில் ஓர் ஆட்டோவிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர்தான், காக்கிச் சட்டையில். என்னிடம் அவர் கேட்டது, "மகளு சென்னாகிதாளா சார்?" என்றுதான். மகள் நன்றாக இருக்கிறாளா என்று. நன்றாக இருக்கிறாள் என்றேன். கறிக்கடைக்குப் போன நான் எதையும் வாங்காமல் வீட்டுக்கு நடந்து வந்தேன்.

ஹாலில் நான் ஏன் எப்போதும் டிவியைப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று நீ கேலி செய்வாய். கழுத்துப் பிடிப்பு என்று பீலா விட்டேன். டிவிக்கு மேலே அந்தப் படம் இருக்கிறது. நேரே உட்கார்ந்தால் நான் உன் முகத்தைப் பார்ப்பதில்லை, பேலட்டுக்குக் கீழே இடது பக்கம், மாலை தொங்குகிற இடத்துக்கு அருகே பார்க்கிறேன். அங்கே ஒன்றும் தெரியாது. அவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்திருக்கிறேன். நீ மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்தபோது பயந்தேன். கிடங்கில் வேலை கிடைத்தது என்றபோது பயந்தேன். மூன்று மாதத்துக்கு முன் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் ஆகிவிட்டேன் என்று நீ கேக் கொண்டுவந்தபோது, இரண்டு துண்டு தின்றுவிட்டு பாத்ரூமில் போய் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதெல்லாம் உனக்கான பயம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேறு பயம். எட்டு மெஷின், பதினாறு ஃபோர்க், பதினாறிலும் சில்வர். அதில் எதன் ஹீலில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதன்மேல் யாரோ பெற்ற பிள்ளைகளை ஏற்றப் போகிறீர்கள். நான் அடித்த பெயின்டைப் பார்த்து நீ அடித்திருக்கிறாய்.

ஆகையால் இன்று புதன், கையில் நாளை முழு நாள் இருக்கிறது. பெயின்டை ஹீலில் இருந்து உரித்து எடு. சுரண்டு, சாயம் அடி, துடை, பவுடர் அடி, காத்திரு. பொறுமையாகக் காத்திரு, உடனே வரவில்லை என்று டப்பாவை மூடாதே. தடிமனையும் அள, பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் விரிசல் இல்லாவிட்டாலும் அந்த ஃபோர்க் வெளியே போகட்டும். செயினுக்கும் ஆர்வக்கோளாறில் பெயின்ட் அடித்திருப்பார்கள், அது கண்ணிகளை ஒட்டவைக்கும், சுத்தம் செய்து எண்ணெய் விடச் சொல். பேட்டரி வண்டிகளைப் பூசைக்கென்று பைப் வைத்துக் கழுவ விடாதே, ஈரத்துணி போதும். பூசணிக்காய் உடைத்த இடத்தை உடனே கூட்டச் சொல், அந்தச் சதையில் டயர் வழுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். குங்குமத்தை பானெட்டில் வைக்கட்டும், மாலையை முன்னால் நிற்கிற மாஸ்ட் தூணில் போடட்டும், எந்தச் சாமியும் ஃபோர்க்கைப் பார்த்து முகம் சுளிக்காது. மேனேஜர் சுளிப்பார். "இன்னா ஸ்டெல்லா, இப்படி அசிங்கமா நிக்குது" என்பார். நிற்கட்டும். உன் விரல் படாத எதற்கும் உன் டிக் விழக் கூடாது.

இவ்வளவும் செய்து, பதினாறு ஃபோர்க்கும் பால் மாதிரி வெள்ளையாக வந்துவிட்டாலும், ஒரு பிள்ளையும் மேலே போகக் கூடாது. செயின் புதிது, ஹோஸ் நேற்று மாற்றியது, ஆபரேட்டர் தங்கமானவர் என்று யார் சொன்னாலும் கூடாது. அது சரக்கு தூக்கப் பிறந்தது. பேலட்டில் உட்கார்ந்திருப்பது டைல்ஸா பலூன் பிடித்த குழந்தையா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தான். உன் அப்பாவையே உதாரணம் காட்டி யாராவது வாதாடினால், இந்தக் கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடி. தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கன்னடத்தில் நீயே சொல், என் பெயரைக் குறைத்துச் சொல்லாதே, தின்னர் துணியையும் விட்டுவிடாதே.

நாராயணப்பா இப்போது சந்தாபுராவில் மகன் வீட்டில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை போகிறேன். ஸ்வீட் பெட்டி எதுவும் கொண்டுபோகப் போவதில்லை. உன் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை இந்தப் பக்கங்கள் சொல்லியிருக்கும். அவள் சமையலறையிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்க்கிறவரைக்கும் நான் வாசல் நாற்காலியில்தான் இருப்பேன்.

நாளை மறுநாள் உனக்குக் கெட்ட பெயர்தான் கிடைக்கும், தெரிந்துகொள். குரூப்பில் வாக்குக் கொடுத்தாயிற்று, பிள்ளைகள் புதுத் துணி போட்டுக்கொண்டு வந்திருக்கும். சாவியை உன் பையில் போட்டுக்கொண்டு சீட்டில் உட்காரவைத்து ஹார்ன் அடிக்க விட்டாலும் அதுகளுக்குப் போதாது. மேலே, மேலே என்று காலை உதைக்கும். அப்பன்மார்கள் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். நான் உன் அம்மாவைச் சொன்ன அதே வார்த்தை. வாங்கிக்கொள். எல்லாக் குடும்பமும் பொரி கடலைப் பையோடு கேட்டைத் தாண்டிப் போன பிறகு எனக்கு ஒரு போன் செய். பூசை எப்படி நடந்தது, முதலாளி என்ன சொன்னார் என்று எதையும் கேட்கமாட்டேன், வேடிக்கையும் பேசமாட்டேன். பசங்க அழுதாங்களா என்று மட்டும் கேட்பேன். ரொம்ப அழுதாங்க டாடி என்று நீ சொல்ல வேண்டும்.